பெல்ட்டின் நடுவே பச்சைத் தோல்

டாக்டர் கோதண்டராமனுக்கு நூற்றாண்டு வருகிறதாம். மலர் போடுகிறார்கள். அவரிடம் நேரடியாக வேலை பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், புளியந்தோப்பில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு படம் காட்டினாள். புரதத்தின் படம். வண்ண ரிப்பனைச் சுற்றி வைத்ததுபோல் அழகாக இருந்தது. இந்தச் சுருள் எந்த இடத்தில் முடிகிறது, ஏன் முடிகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"டாக்டரோட அந்தக் கட்டுரையிலேர்ந்துதான் சார் எங்களுக்கு எல்லாமே ஆரம்பம். அவரைப் பத்தி நல்ல ஞாபகங்களா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றாள்.

நல்ல ஞாபகங்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, நல்லதாகவும் இருக்காது.

என் தகப்பனார் தண்டையார்பேட்டையில் ஒரு தோல் கிடங்கில் உப்புப் போடுகிறவர். உரித்து வந்த தோல் அழுகாமல் இருக்க அதை விரித்து, உப்பை வாரி இறைத்துத் தேய்ப்பார்கள். வருஷக்கணக்காக அந்த வேலை செய்தவருடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரசம் சோறு பிசைந்தால் எரியும். என் அம்மா உருட்டிக் கொடுப்பாள். பௌத்தம் தழுவிய குடும்பம் எங்களுடையது. அதனால்தான் அப்பா எனக்குச் சித்தார்த்தன் என்று பெயர் வைத்தார். அரைப் பட்டினியில் என்னை ரசாயனம் படிக்க வைத்தார். எதற்காக? தோலைவிட்டு நான் வெளியே போய்விட வேண்டும் என்பதற்காக. பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தோல் ஆலையின் சோதனைக்கூடத்தில். அன்றைக்கு அவர் சட்டை மட்டும் ஒன்று தைத்துக் கொடுத்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வடசென்னையில் எண்ணெய் ஆலை, கயிற்று ஆலை, வார்ப்புப் பட்டறை என்று வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்போது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் கிடையாது. கூரையில் ஒரு நீளத் தண்டு சுழலும். அதிலிருந்து கீழே இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் ஓடும். அந்த பெல்ட்டைத்தான் எங்கள் ஆலை செய்தது. எருமைத் தோலும் மாட்டுத் தோலும் ஆவாரம் பட்டைச் சாறு நிரப்பிய குழிகளில் மாதக்கணக்கில் ஊறும். சாறு உள்ளே இறங்க இறங்கத்தான் பச்சைத் தோல் பதப்பட்ட தோலாக மாறும்.

டாக்டர் கோதண்டராமன் அங்கே தலைமை ரசாயனர். வெளிநாட்டில் படித்தவர். நான் சேர்ந்த அன்றைக்கு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புளியந்தோப்பா? நல்லதாப் போச்சு. உங்க ஆளுங்களுக்குத் தோல் கைவந்த கலையாச்சே" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். என் அப்பாவின் விரல் இடுக்குகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆனால் வேலையில் அவரைப் போல் ஒருவரை நான் பிறகு பார்க்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். ஒரு சோதனையை அவசரமாகச் செய்தால், கொதிக்கிற தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு, "மறுபடியும் பச்சைத் தண்ணியிலேர்ந்து ஆரம்பி" என்பார். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கழுவி முடிக்கும்வரை அவரிடம் யாரும் பேசக்கூடாது. முடிவை அதற்குள் அவர் மனதில் உறுதி செய்துகொள்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

சுருக்கச் சோதனையை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். சுண்டுவிரல் அகலத்தில் ஒரு தோல் துண்டை வெட்டித் தண்ணீரில் நன்றாக ஊறவிட வேண்டும். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு நுனியைக் கொக்கியில் மாட்டி, மறு நுனியை நூலால் ஒரு முள்ளோடு இணைக்க வேண்டும். குழாயில் தண்ணீர், பக்கத்தில் வெப்பமானி. கீழே விளக்கை வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. முள் செத்ததுபோல் நிற்கும். பிறகு ஒரு குறிப்பிட்ட சூட்டில் முள் சட்டென்று சுற்றும். துண்டு பாதிக்கும் கீழாகச் சுருண்டு ரப்பர்போல் ஆகிவிடும். பச்சைத் தோல் என்றால் அறுபது டிகிரியைத் தாண்டியதும் சுருண்டுவிடும். பட்டைச் சாறு நன்றாக ஏறிய தோல் எண்பதைத் தொடும்வரை தாங்கும்.

"ஏன் சார் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்காம ஒரே அடியாச் சுருங்குது?" என்று கேட்டேன்.

அவர் மேஜையில் கிடந்த சணல் நூலில் மூன்று துண்டு எடுத்தார். ஒவ்வொன்றையும் தனியாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினார். "தோல்ல இருக்கற புரதம் இப்படித்தான். மூணு சங்கிலி, மூணும் சேர்ந்து ஒரு சுருள். நம்ம ஊர் பல்கலைக்கழகத்துலேயே இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க. ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கறதாலதான் மூணும் நிக்குது. சூடு ஏறினா சில பிடி விடும். சில பிடி விட்டா பக்கத்துல இருக்கறதும் நிக்க முடியாது. அப்புறம் மொத்தமும் போயிடும்." நூலின் நுனியை விட்டார். மூன்றும் சுழன்று பிரிந்து மேஜையில் சிக்காக விழுந்தன.

இன்னொன்றும் சொன்னார். மயிரில் இருக்கும் சுருள் வேறு ஜாதி, ஒற்றைச் சங்கிலி தன்னைத்தானே சுற்றிக்கொள்வது. அதில் புரோலின் என்ற ஒரு கண்ணி வந்துவிட்டால் அந்த இடத்தில் சுருள் தொடர முடியாது, முறிந்துவிடும். ஆனால் தோலின் மூன்று சங்கிலிச் சுருளில் அதே புரோலின்தான் முறுக்கை விறைப்பாக நிற்க வைக்கிறது. "ஒரு இடத்துல முறிச்சு வைக்கறது, இன்னொரு இடத்துல தாங்கி நிக்கறது" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இப்போது ஏகாம்பரத்துக்கு வருகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு கடலை எண்ணெய் ஆலை. அங்கே பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஏகாம்பரம். மணலிக்குப் பக்கத்தில் சடையங்குப்பத்துக்காரர். எங்கள் ஆலையின் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்து, அதன் நுனி சாட்டைபோல் அவர்மேல் விழுந்தது. வலது கண் போயிற்று. அதே வீச்சில் கையை இழுத்துச் சக்கரத்தில் கொடுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எண்ணெய் ஆலைக்காரரும் எங்கள் முதலாளியும் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பெல்ட் வழுக்காமல் இருப்பதற்காக ஏகாம்பரம் அளவுக்கு மீறிக் குங்கிலியப் பொடி தூவினான், அதனால் பெல்ட் சூடேறிக் கருகி அறுந்தது. ஆகவே தப்பு அவனுடையது. தப்பு அவனுடையதென்றால் நஷ்டஈடு இல்லை, வேலையும் இல்லை.

அறுந்த பெல்ட்டின் இரண்டு நுனிகளும் சோதனைக்கு எங்களிடம் வந்தன. டாக்டர் என்னிடம் கொடுத்தார். முதலில் ஓரத்தைக் கூரான கத்தியால் வெட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் நல்ல பழுப்பு நிறம். நடுவில் மட்டும் வெளிறிய ஒரு கோடு. அதன்மேல் அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். பதப்பட்ட பகுதி அப்படியே இருந்தது. நடுக்கோடு உப்பி, கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அது பச்சைத் தோல். ஆர்டர் குவிந்ததால் சாறு நடுவரை இறங்குவதற்குள் தோலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழி வேலைக்காரர்கள் அப்போதே முணுமுணுத்த விஷயம் அது.

நடுப்பகுதியை மட்டும் சீவி எடுத்துச் சுருக்கச் சோதனை செய்தேன். அறுபதைத் தாண்டியதும் முள் சுற்றிவிட்டது. எண்ணெய் ஆலையில் அந்த பெல்ட் கடலையை நீராவியில் வேகவைக்கும் கொப்பரைக்கு மேலே ஓடியது. ஆவியும் ஈரமும் அதில் ஏறிக்கொண்டே இருந்திருக்கின்றன. வெளித்தோல் தாங்கியது. உள்ளே சுருள் பிரிந்து பசையாகி, காய்ந்து, கண்ணாடிபோல் விரிசல் விட்டிருந்தது. குங்கிலியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு தண்ணீரைக் கொட்டச் சொல்லி, புதுத் துண்டு ஒன்றைத் தானே சீவி, பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்துத் தானே செய்தார். அதே சூட்டில் முள் சுற்றியது. போய்க் கை கழுவினார். நான் காத்திருந்தேன்.

"சரி. இதை நான் பாத்துக்கறேன். நீ இதைப் பத்தி யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்றார்.

"சார், இதே குழியில எடுத்த பெல்ட் இன்னும் எத்தனையோ ஆலையில ஓடுது."

"பாத்துக்கறேன்னு சொன்னேனே."

நான் நம்பினேன். பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னவர், நம்பாமல் என்ன செய்வேன்.

நஷ்டஈட்டு விசாரணைக்கு ஆலைச் சார்பில் அவர் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஏகாம்பரம் கண்ணில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா. ஆலைக்காரர்களின் வக்கீல் ஏகாம்பரத்தைக் கேட்டார்: "நீ குங்கிலியம் போட்டியா இல்லையா?"

"போட்டேன் சார். வழுக்கிச்சுனா எல்லாரும் போடுவோம். போடச் சொல்லித்தானே மேஸ்திரி டப்பாவே குடுத்துக்கீறாரு."

"போட்டாயா என்பதற்கு மட்டும் பதில் சொல்."

"போட்டேன்."

அடுத்து டாக்டர் எழுந்தார். வழக்கம்போல் மெதுவான குரல். "நாங்கள் சோதித்த துண்டு எண்பது டிகிரி வரை தாங்கியது. அந்தத் துண்டின் பதனிடலில் குறை காணப்படவில்லை" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேல்தோலை மட்டும் சீவிச் சோதித்திருந்தார். எந்தத் துண்டு என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒரே ஆள் பெட்டியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "நடுப்பகுதியை நான் சோதித்தேன் ஐயா. அது பச்சைத் தோல்" என்றேன். விசாரணை அதிகாரி என்னை முன்னால் வரச் சொன்னார். வக்கீல் என் பக்கம் திரும்பி, அந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். சோதனைக்கூடத்தில் இருக்கிறது என்றேன். இல்லையாம். போன வாரமே பெல்ட் மொத்தமும் பாய்லர் அடுப்பில் போடப்பட்டுவிட்டதாம். எனக்கு அது அங்கேதான் தெரிந்தது.

"உங்கள் தகப்பனார் என்ன வேலை செய்கிறார்?" என்று வக்கீல் கேட்டார்.

சொன்னேன். அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான கைகள்.

ஏகாம்பரம் தோற்றார்.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போய், மற்ற பெல்ட்டுகளையாவது திரும்ப எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "படிப்படியா மாத்திடுவோம். இப்போ எடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்" என்றார். படிப்படியாக என்றால் எத்தனை கை, எத்தனை கண் என்று கேட்டேன். "நீ உணர்ச்சிவசப்படறே. போய் வேலையைப் பாரு" என்றார்.

வேலையைத்தான் பார்த்தேன். ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் வாங்குகிற கடையில் ஒரு புட்டி வினிகர் வாங்கினேன். வினிகரும் அசிட்டிக் அமிலம்தான். வண்ணாரப்பேட்டை காதர் பாய் எனக்குத் தெரிந்தவர், திருவொற்றியூரில் ஒரு கயிற்று ஆலையில் பெல்ட் மாட்டுகிறவர். அவருடைய ஆலையிலும் எங்கள் பெல்ட்தான். சாப்பாட்டு வேளையில் இயந்திரம் நின்றதும் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "இன்னா சித்து, இவ்ளோ தடிமனாக் கீது. இதுவா அறுந்துடும்?"

"ஓரத்துல கொஞ்சம் சீவிக் காட்டுங்க பாய்."

சீவினார். வினிகரைத் தடவினேன். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே நடுக்கோடு உப்பிக்கொண்டு பளபளவென்று வந்தது. காதர் பாய் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தார். ஜவ்வுபோல் உள்ளே போயிற்று.

"கலீஜ் பசங்க" என்றார். அவ்வளவுதான். எழுந்து பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டார். மணி அடித்தது. மானேஜர் ஓடி வந்தார். காதர் பாய் அவரிடம், "யார் வந்து இன்னா சொன்னாலும் நான் இத்த மாட்ட மாட்டேன். நீங்க வோணும்னா இதுக்குக் கீழ நின்னு காட்டுங்க, அப்பால மாட்றேன்" என்றார். மானேஜர் கீழே நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெல்ட் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். டீக்கடையிலும் பாரிஸ் கார்னர் போகிற பஸ்ஸிலும் செய்தி போயிற்று. வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் கழற்றினார்கள். எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில் இரண்டு பெல்ட்டைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே போட்டார்கள். எல்லா இடத்திலும் அந்த வெளிறிய கோடு இல்லை. இருந்த இடங்கள் போதுமானவை. எங்கள் முதலாளி வண்டி அனுப்பி அத்தனை பெல்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மேலும் உயர்ந்த தரத்தில் மாற்றித் தருவதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டார்.

என்னை வேலையைவிட்டு நீக்கியதை டாக்டர்தான் சொன்னார். உட்காரச் சொன்னார். அது புதிது.

"நீ கண்டது சரிதான். எனக்கும் தெரியும். ஆனா இந்த ஆலை மூடிட்டா இத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துடும். பெரியவனா யோசிச்சுப் பார்த்தா உனக்குப் புரியும்."

"ஏகாம்பரமும் குடும்பத்தோடதான் சார் இருக்காரு."

"நீ நல்லா வந்திருப்பே" என்றார். எழுந்து குழாயடிக்குப் போனார். அவர் கை கழுவி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. நான் காத்திராமல் போனது அந்த ஒருமுறைதான்.

என் அப்பாவிடம் சொன்னேன். வேலை போனதைப் பற்றி அவர் கேட்கவில்லை. "கோர்ட்ல என் பேரச் சொல்லிக் கேட்டானா?" என்று கேட்டார். தொழிலைத்தான் கேட்டான் என்றேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் போயிற்று. ஒருநாள் நூலகத்தில் ஒரு வெளிநாட்டு அறிவியல் பத்திரிகையைப் புரட்டியபோது டாக்டர் கோதண்டராமனின் கட்டுரையைப் பார்த்தேன். பதப்படாத நடுத்தோலில் சுருள் எப்படிப் பிரிகிறது, வெளித்தோல் தாங்கும்போதே உள்தோல் எப்படி முடிந்துபோகிறது என்பதைப் பற்றியது. அந்த ஆராய்ச்சி மாணவி என்னிடம் சொன்ன அதே கட்டுரை. நான் சீவிய நடுத்துண்டு, அறுபதைத் தாண்டியதும் சுற்றிய முள், விரிசல், எல்லாமே இருந்தன. துண்டு எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு, பயன்பாட்டில் பழுதுற்ற ஓர் இயந்திர பெல்ட் என்று ஒரு வரி. விசாரணையில் வாயைத் திறக்காத உண்மை, ஆபத்தில்லாத இடத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்திருந்தது. பெல்ட் முழுவதையும் அடுப்பில் போட்டார்கள் என்றார்களே, தனக்கு வேண்டியதை அவர் எடுத்து வைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார்.

நூலகரிடம் கெஞ்சி அந்தப் பத்திரிகையை ஒருநாள் கடனாக வாங்கிக்கொண்டு ஒரு தொழிற்சங்க வக்கீலிடம் ஓடினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கெடு முடிந்துவிட்டது, வழக்கைத் திரும்பத் திறக்க முடியாது, தவிர இதில் எந்த ஆலை, எந்த ஆள் என்று எங்கே இருக்கிறது என்றார்.

அங்கிருந்து சடையங்குப்பத்துக்குப் போனேன். மழை பெய்து முடிந்திருந்தது. வீட்டு வாசல்வரை தண்ணீர் நின்றது. ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். கன்னியம்மா மீன் கூடையை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள். தப்பு பெல்ட்டுடையதுதான் என்று டாக்டரே எழுதிவிட்டார், உலகம் முழுக்கப் படிக்கிறார்கள் என்று சொன்னேன். அதைச் சொன்னால் அவர்களுக்கு ஏதோ கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"படி நைனா, கேக்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

ஆங்கிலத்தைத் தமிழாக்கி, முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரர் பேரு அதுல எங்க கீது?"

"பேரு இல்லம்மா."

"கண்ணு பூட்டுது, கை பூட்டுதுன்னு கீதா?"

"இல்ல. பெல்ட் பழுதாப் போச்சுன்னு மட்டும் இருக்கு."

அவள் என் கையிலிருந்த பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். படமும் கோடும் எண்ணுமாக இருந்த அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப அந்தாளு கணக்குல பெல்ட்டுக்குத்தான் அடிபட்டுக்கீது" என்றாள்.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மீதி மீனை விற்பதற்காகத் தண்ணீரில் இறங்கி மணலிப் பக்கம் நடந்தாள்.